கரை, தூம்பு, கலிங்கு: இடுக்கி நீர்த்தேக்கத்தின் அமைப்பும் இயக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

மேற்குத்தொடர்ச்சி மலையில் நீர்மின் உற்பத்திக்கென உருவாக்கப்பட்ட இடுக்கி நீர்த்தேக்கம், பெரியாற்றின் குறுக்கே நிற்கும் வில்வளைவு அணையின் பெயரால் அறியப்படுகிறது. உண்மையில் அதனைத் தாங்குபவை மூன்று அணைகள். இம்மூன்றும் ஆற்றும் பணிகளைத் தமிழக ஏரிகளின் உறுப்புகளான கரை, தூம்பு, கலிங்கு ஆகியவற்றோடு ஒப்புநோக்கி இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் ஏரியில் அடுத்தடுத்து அமையும் இவ்வுறுப்புகள் இடுக்கியில் வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் பிரிந்து நிற்பதே அதன் மின்வளத்துக்கும், 2018ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது எழுந்த சிக்கலுக்கும் அடிப்படை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: இடுக்கி, பெரியாறு, நீர்மின்சாரம், வில்வளைவு அணை, கலிங்கு, தூம்பு, வெள்ள மேலாண்மை.

முன்னுரை

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ் நாளிதழ்கள் பலவும் ‘இடுக்கி அணையின் மதகுகள் திறப்பு’ என்று செய்தி வெளியிட்டன. இத்தொடரில் இரண்டு பிழைகள் உள்ளன. இடுக்கி அணை எனப்படும் வில்வளைவு அணையில் திறப்பதற்குக் கதவு ஏதும் இல்லை. திறக்கப்பட்டவை அதனருகே வேறோர் ஆற்றின் குறுக்கே நிற்கும் செறுதோணி அணையின் கதவுகள். மேலும், மிகுநீரை வெளியேற்றும் அமைப்பை மதகு என்று சொல்வது ஏரி மரபின் வழக்கன்று. பாசனத்துக்கு நீர் விடும் வாயிலே மதகு அல்லது தூம்பு. கொள்ளளவை மீறிய நீர் வழிந்து செல்லும் இடம் கலிங்கு. தென்மாவட்டங்களில் இதனை மறுகால் என்பர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தேவைக்கு எடுக்கும் நீர் ஒரு வழியாகவும், ஆபத்துக்கு விடும் நீர் மற்றொரு வழியாகவும் செல்லும் என்பதைத் தமிழ் வழக்கு இரண்டு சொற்களால் பிரித்து வைத்திருக்கிறது. இடுக்கியைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை மிகவும் பயன்படும். ஏனெனில் அங்கே இவ்விரு வழிகளும் இரண்டு வெவ்வேறு ஆறுகளுக்குச் செல்கின்றன.

பெயரும் இடமும்

இடுக்கு என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் வழங்குகிறது. குறவன் மலை, குறத்தி மலை என்னும் இரண்டு பாறைக் குன்றுகளுக்கு இடையே பெரியாறு நெருக்குண்டு பாய்ந்த ஒடுங்கிய வழியே இடுக்கி. இணையராக வாழ்ந்த குறவனும் குறத்தியும் சாபத்தால் கல்லாயினர் என்று அப்பகுதியில் கதை வழங்குகிறது. குறிஞ்சி நிலத்து மாந்தர் பெயரை இரண்டு மலைகளும், அவற்றின் இடைவெளியை ஊரும் தாங்கி நிற்கின்றன. பின்னாளில் மாவட்டத்துக்கும் அப்பெயரே அமைந்தது. இடுக்கி மாவட்டம் 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் உருவாக்கப்பட்டது.

இவ்விடத்தை அணைக்கு உரியதாக வெளியுலகுக்குக் காட்டியவர் ஊராளிப் பழங்குடித் தலைவர் கொலும்பன் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேட்டைக்கு வந்த மலங்கரைத் தோட்டக் கண்காணிப்பாளர் டபிள்யூ.ஜே.ஜானுக்கு அவர் வழிகாட்டியாகச் சென்றார். இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கும் காட்சியை ஜான் அவ்வாறுதான் கண்டார். அணைக்கு அருகே கொலும்பனுக்கு நினைவிடம் உள்ளது. நிலவியல் அளவைகள் பலவும் பின்னர் நடந்தன. ஆயினும் பொறியியலின் முதல் தேவையான ‘எங்கே’ என்னும் வினாவுக்கு விடை காட்டியது காட்டை அறிந்தவரின் அறிவே.

திட்டக்குழு 1963ஆம் ஆண்டு இத்திட்டத்துக்கு இசைவளித்தது. கனடா அரசின் கடனுதவியோடும் அந்நாட்டு எஸ்.என்.சி. நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆலோசனையோடும் 1969 ஏப்ரல் 30இல் அணைக் கட்டுமானம் தொடங்கியது. 1973இல் நீர் தேக்கப்பட்டது. 1976 பிப்ரவரி 12இல் இந்திரா காந்தி மின்நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கரை: வில்வளைவு அணை

ஏரிக்கரை தன் எடையால் நிற்கிறது. நீர் தள்ளும் விசையை மண்ணின் பாரம் எதிர்கொள்கிறது. காங்கிரீட்டால் கட்டப்படும் ஈர்ப்பு அணைகளும் இதே முறையில்தான் நிற்கின்றன. ஆதலால் அவற்றின் அடிப்பகுதி மிகவும் அகன்றிருக்க வேண்டும். பொதுவாக உயரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு அடி அகலம் தேவைப்படும்.

இடுக்கி அணையின் உயரம் 168.91 மீட்டர். மேற்சொன்ன கணக்கின்படி அதன் அடி அகலம் 120 மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் அது 19.81 மீட்டர் மட்டுமே. உச்சியில் 7.62 மீட்டர். மேல்விளிம்பின் நீளம் ஏறத்தாழ 366 மீட்டர். உயரத்தோடு ஒப்பிட்டால் ஓடு போன்ற மெல்லிய சுவர் இது. இதன் வலிமை எடையில் இல்லை, வடிவத்தில் உள்ளது. நீர் இருக்கும் பக்கம் நோக்கி அணை வில்லாக வளைந்திருக்கிறது. நீரின் தள்ளுவிசை வளைவின் வழியே இருபுறமும் பரவி, குறவன் மலையையும் குறத்தி மலையையும் சென்றடைகிறது. 160 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் நீர் ஏறத்தாழ 160 டன் எடைக்கு ஈடாக அழுத்தும். அந்த அழுத்தம் வளைவைக் குலைப்பதற்கு மாறாக அதனை மலைகளோடு இறுக்குகிறது. கோயில் மண்டபங்களிலும் பழைய பாலங்களிலும் செங்கல் வளைவுகள் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்தும் முறையைக் கிடைமட்டமாகச் சாய்த்து எண்ணினால் இது விளங்கும்.

இத்தகைய அணைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பள்ளத்தாக்கு ஒடுங்கியிருக்க வேண்டும்; இருபுறப் பாறையும் தளராததாக இருக்க வேண்டும். இரண்டையும் ‘இடுக்கு’ நிறைவு செய்தது. இந்தியாவில் வில்வளைவு அணைகள் அரிதாக இருப்பதற்கு இவ்விரு நிபந்தனைகளும் ஒருங்கே கூடுவது அரிது என்பதும் காரணம்.

ஆயினும் வாய்ப்பான இடுக்கை அடைத்தால் மட்டும் நீர் நின்றுவிடாது. நீர்மட்டம் உயரும்போது, அது அருகிலுள்ள தாழ்வான வாய்கள் வழியாக வெளியேறிவிடும். இடுக்கியில் அப்படி இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்று, அருகே பாயும் செறுதோணி ஆற்றுப் பள்ளத்தாக்கு. மற்றொன்று, மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் குளமாவில் உள்ள கிளிவள்ளித்தோடு. முன்னதை 138 மீட்டர் உயரமும் 650 மீட்டர் நீளமும் கொண்ட ஈர்ப்பு அணையும், பின்னதை 100 மீட்டர் உயர அணையும் அடைக்கின்றன. சுற்றுலாப் பயணிகளின் கண்ணைக் கவர்வது வில்வளைவு அணையே. ஆனால் கட்டுமானப் பொருளின் அளவில் செறுதோணி அணை அதனினும் பல மடங்கு பெரியது. புகழ் வடிவத்தைச் சேர்ந்துவிட்டது.

மூன்றும் சேர்ந்து தேக்கும் நீர் 199.6 கோடி கன மீட்டர். ஏறத்தாழ 70 டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதோடு இதனை ஒப்பிடலாம். முழுக் கொள்ளளவில் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர்.

தூம்பு: குளமாவும் மூலமற்றமும்

அணையின் அடியில் மின்நிலையம் இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இடுக்கி அணையின் அடியில் மின்நிலையம் இல்லை. மின்சாரத்துக்கான நீர் எடுக்கப்படும் இடம் குளமாவு. அங்கே நீர்த்தேக்கத்தின் உள்ளே நிற்கும் கோபுர வடிவ வாயில் வழியாக நீர் இறங்கிச் சுரங்கத்தில் நுழைகிறது. பாண்டி நாட்டு ஏரிகளில், கரையிலிருந்து தள்ளி நீருக்குள்ளேயே நிற்கும் குமிழித் தூம்பை இவ்வமைப்பு நினைவூட்டும். பணியும் ஏறத்தாழ அதுவே: நீர்நிலையின் உட்பகுதியில் நீரைக் கொண்டு, கரைக்கு அடியிலோ மலைக்கு ஊடாகவோ அப்பால் கடத்துதல்.

சுரங்கம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் மலையைத் துளைத்துச் செல்கிறது. பின்னர்ச் சரிவான அழுத்தக் குழாய்கள் நீரை நாடுகாணி மலையின் அடியில், பாறையைக் குடைந்து அமைத்த மூலமற்றம் மின்நிலையத்துக்கு இறக்குகின்றன. நீர் விழும் உயரம் ஏறத்தாழ 660 மீட்டர். விசையாழிக்கு முன்னால் தாரையாக வெளிப்படும் நீர் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும். இத்தகைய பேருயரத்துக்கு ஏற்றது பெல்டன் விசையாழி. கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தின் மீது நீர்த்தாரை அறைந்து அதனைச் சுழற்றும். இங்கு 130 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்கள் உள்ளன. மொத்தம் 780 மெகாவாட்.

இந்த 660 மீட்டரில் அணையின் பங்கு எவ்வளவு என்று கேட்பது தகும். அணை முழுவதும் நிரம்பினாலும் அதன் அடியிலேயே மின்நிலையம் அமைத்திருந்தால் நீர் விழும் உயரம் 150 மீட்டர் அளவிலேயே இருந்திருக்கும். எஞ்சியதை மலை தருகிறது. குளமாவுக்கு மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை சட்டெனச் சரிந்து தாழ்நிலத்தை அடைகிறது. அந்தச் சரிவே உண்மையான மின்வளம். பெரியாற்றின் இயல்பான போக்கு அந்தச் சரிவை நோக்கியது அன்று. அது வடமேற்கே நீண்ட தொலைவு சுற்றிப் படிப்படியாக இறங்குகிறது. ஆற்றைத் தூக்கி மலையின் விளிம்புக்குக் கொண்டுவருவதே அணையின் பணி.

தூக்குதல் என்பது இங்கு உவமை அன்று. நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 732.43 மீட்டர், அதாவது 2403 அடி. மின்சாரத்துக்கு எடுக்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டம் 694.94 மீட்டர். அதற்குக் கீழே உள்ள நீரைக் குளமாவுத் தூம்பு எட்டாது. ஆற்றுப்படுகையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் நீர் உயர்ந்த பின்னரே முதல் துளி மின்சாரத்துக்குப் பயன்படும். கணக்கேடுகளில் ‘பயன்படாத இருப்பு’ என்று குறிக்கப்படும் 53 கோடி கன மீட்டருக்கும் மேற்பட்ட நீர், மேலே உள்ள 146 கோடி கன மீட்டரைத் தாங்கும் படிக்கட்டு. ஏரித் தூம்பு அடிமட்டத்தை ஒட்டி அமைவது. ஏறத்தாழக் கடைசி நீர் வரை அதன் வழியே எடுக்கலாம். இடுக்கியின் தூம்பு உயரத்தில் இருக்கிறது.

ஒரு கன மீட்டர் நீர் 660 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது, இழப்புகள் போக, ஏறத்தாழ 1.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆகவே பயன்படும் 146 கோடி கன மீட்டர் என்பது ஏறத்தாழ 219 கோடி யூனிட் மின்சாரம். கேரள மின்வாரியத்துக்கு இந்நீர்த்தேக்கம் ஓர் ஏரி என்பதைக் காட்டிலும் ஒரு மின்கலம். ஆறு இயந்திரங்களும் இடைவிடாது முழுத்திறனில் இயங்கினால் நான்கு மாதங்களுக்குள் அது தீர்ந்துவிடும். அவ்வாறு இயக்குவது வழக்கமன்று. அனல்மின் நிலையத்தை நிறுத்தி மீண்டும் இயக்கப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் இயந்திரத்தைச் சில நிமிடங்களில் முழுத்திறனுக்குக் கொண்டுவரலாம். ஆதலால் மாலையில் விளக்குகளும் வீட்டுக் கருவிகளும் ஒருங்கே இயங்கும் வேளைக்காக நீர் சேமித்து வைக்கப்படுகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையிலும் அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழையிலும் நிரம்பி, அடுத்த மே மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாவது இதன் ஆண்டுச் சுழற்சி.

மூலமற்றத்தில் சக்கரத்தைச் சுழற்றி முடித்த நீர் பெரியாற்றுக்குத் திரும்புவதில்லை. அது தொடுபுழை ஆற்றில் சேர்ந்து, மலங்கரை அணையைக் கடந்து, மூவாற்றுப்புழை ஆறாக வேம்பநாட்டுக் காயலை அடைகிறது. வேனிலிலும் வற்றாத நீர் மூவாற்றுப்புழைப் பள்ளத்தாக்குக்குக் கிடைத்தது. அதனை நம்பிப் பாசனமும் குடிநீர்த் திட்டங்களும் வளர்ந்தன. அணைக்குக் கீழே பெரியாறு பெரும்பகுதி நாள்களும் பாறைகளாகக் கிடக்கிறது. முதிரப்புழை முதலிய துணையாறுகள் சேர்ந்த பின்னரே மீண்டும் ஆறாகிறது.

பெரியாற்றின் மேற்பகுதியைத் தமிழ்நாடு நன்கறியும். 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை, அதன் நீரைக் கிழக்கே திருப்பி வைகைப் படுகைக்கு அனுப்புகிறது. அங்கு மிகுவது வண்டிப்பெரியாறு, உப்புத்தறை வழியாக வந்து இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. ஆக, ஒரே ஆற்றின் நீர் முதலில் கிழக்கே வைகைக்கும், பிறகு மேற்கே மூவாற்றுப்புழைக்கும் பங்கிடப்படுகிறது. தன் இயற்கைப் படுகையில் பெரியாற்றுக்கு இவ்விரண்டிலும் மிஞ்சிய மிகுநீரே உரியது. செய்திகளில் அடுத்தடுத்து வரும் முல்லைப்பெரியாற்றின் 142 அடியும் இடுக்கியின் 2403 அடியும் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவை அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். முன்னது அணையின் அடிப்பகுதியிலிருந்து எண்ணப்படுவது. பின்னது கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுவது.

நீர்ப்பரப்பின் அடியில்

60 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்புக்குக் கீழே வெறும் காடு மட்டும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் கால உணவுப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் உணவுப்பயிர் விளைவிக்கக் குடியேறிய மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்களுக்கு முன்பே ஊராளி, மன்னான் முதலிய பழங்குடியினரின் இருப்பிடங்கள் இருந்தன. நீர்ப்பிடிப்புப் பகுதிக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து 1961இல் குடியேற்ற உழவர்கள் வெளியேற்றப்பட்டனர். மழைக்காலத்தில் குமுளிக்கு அருகே அமராவதியில் போதிய கூரையும் இல்லாமல் அவர்கள் இறக்கிவிடப்பட்டதை எதிர்த்து ஏ.கே.கோபாலன் அங்கே உண்ணாநோன்பு மேற்கொண்டார். கேரள உழவர் இயக்க வரலாற்றில் அமராவதி நிலையான இடம் பெற்றது அதனால்தான். அணைக் கட்டுமானம் தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, நீர் வராத நிலத்திலிருந்து மக்கள் அகற்றப்பட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

அய்யப்பன்கோவிலின் பழைய கோயில் இன்றும் உள்ளது. நீர்மட்டம் உயரும்போது அதனைச் சுற்றி நீர் சூழ்ந்துகொள்கிறது. குளமாவுப் பக்கத்தில் வைரமணி என்னும் ஊர் முற்றிலும் மூழ்கியது. நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் அவ்வூர்த் தேவாலயத்தின் எச்சங்கள் வெளிப்பட, பழைய குடும்பத்தினர் சென்று காண்கின்றனர். மின்வாரியத்தின் பற்றாக்குறை ஆண்டு அவர்களுக்கு ஊர் திரும்பும் ஆண்டாகிவிடுகிறது.

கலிங்கு: செறுதோணி

ஏரியின் கலிங்குக்குக் காவலர் தேவையில்லை. குறித்த மட்டத்தைத் தாண்டிய நீர் தானாகவே வழியும். ஆனால் கலிங்கின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டு, மழைக்காலத்தின் இறுதியில் அவற்றினிடையே பலகையோ மண்ணோ இட்டு அடைத்து, இன்னும் ஒரு முழம் நீரைத் தேக்கிக்கொள்வதும் உண்டு. ஆயக்கட்டு உழவருக்கு அந்த ஒரு முழம் கடைசி நீர்ப்பாய்ச்சல். கரை உடையுமோ என்று அஞ்சுவோருக்கும், நீர்ப்பிடிப்பில் நிலம் மூழ்கும் மேல்பகுதியினருக்கும் அதுவே ஆபத்து. எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதில் ஊர்களுக்குள் பூசல் எழுந்தது இயல்பே. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் ஏரிவாரியம் போன்ற அமைப்புகளின் தேவை இத்தகைய முடிவுகளிலும் இருந்தது எனலாம்.

இடுக்கியில் கலிங்கு செறுதோணி அணையில் உள்ளது. ஐந்து கதவுகள், அவற்றின் அடிமட்டம் 2373 அடி. அதாவது முழு மட்டமான 2403 அடிக்கும் இதற்கும் இடைப்பட்ட 30 அடி நீரை மட்டுமே கதவுகள் வழியாக வெளியேற்ற முடியும். அதற்குக் கீழுள்ள நீரைக் குறைக்க மின்உற்பத்தி ஒன்றே வழி. அந்த 30 அடி ஏறத்தாழ 50 கோடி கன மீட்டர். கலிங்குக் கற்களின் இடையே பலகை வைத்துத் தேக்கிய நீருக்கு இது நிகர். அளவுதான் பெரிது, கேள்வி பழையதே.

உச்சி மட்டத்தில் ஓரடி நீரின் மதிப்பைக் கணக்கிட்டால் சிக்கல் தெளிவாகும். 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓரடி என்பது ஏறத்தாழ 1.8 கோடி கன மீட்டர், அதாவது 2.7 கோடி யூனிட் மின்சாரம். மழைக்காலத்தின் நடுவில் கதவைத் திறந்து, பின்னர் மழை பொய்த்துவிட்டால் அந்த இழப்பை வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கி ஈடுசெய்ய வேண்டும். திறக்காமல் காத்திருந்து பெருமழை வந்துவிட்டால் இழப்பு வேறுவகை. மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம் பருவமழையின் முடிவில் நிறைந்திருக்க வேண்டும்; வெள்ளத்தைத் தடுக்கும் நீர்த்தேக்கம் அதே நேரத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றிடமே எதிர்பார்ப்பது எளிதன்று. இடுக்கி முதலாவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

2018க்கு முன் செறுதோணிக் கதவுகள் வெள்ளநீருக்காகத் திறக்கப்பட்டது 1981இலும் 1992இலும் மட்டுமே. நல்ல மழைபெய்யும் ஆண்டுகளிலெல்லாம் ஏரியின் கலிங்கு வழிவதால் மறுகால் ஓடையின் தடம் ஊராரின் நினைவில் நிற்கும். அதன் மேல் வீடு கட்டுவோர் குறைவு. செறுதோணிக்குக் கீழே 26 ஆண்டுகள் பெருநீர் வரவில்லை. அக்காலத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆற்றங்கரையில் கடைகளும் வீடுகளும் பேருந்து நிலையமும் எழுந்தன. தோட்டங்கள் படுகையை நெருங்கின. ஆற்றைக் குறைகூற முடியாது. அதன் வழி எது என்பதை அறிவிக்கும் பணியை நிறைந்த ஆண்டுகள் செய்யத் தவறின என்பதே பொருத்தம்.

2018 ஆகஸ்டு

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை முன்கூட்டியே வலுத்தது. ஜூலை முடியும்போதே நீர்மட்டம் 2395 அடியை எட்டியிருந்தது. சோதனைக்காகவேனும் கதவைத் திறக்கலாமா, மேலும் சில அடி பொறுக்கலாமா என்னும் விவாதம் வெளிப்படையாகவே நடந்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் ஒரு கதவு 50 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. மறுநாள் ஐந்து கதவுகளும் திறக்கப்பட்டன. சில நாள்களில் பெருமழை மாநிலம் முழுவதும் கொட்டியது. வெளியேற்றம் நொடிக்கு 1500 கன மீட்டர் வரை உயர்ந்தது. செறுதோணியில் பாலத்தின் மேல் நீர் பாய்ந்தது. பேருந்து நிலையம் அழிந்தது. கீழே ஆலுவா முதலிய இடங்களில் பெரியாறு நகருக்குள் புகுந்தது.

மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கைப்படி ஆகஸ்டு 15 முதல் 17 வரையிலான மூன்று நாள்களில் இடுக்கிக்கு வந்த நீர் 43.5 கோடி கன மீட்டர், வெளியேற்றப்பட்டது 34.5 கோடி கன மீட்டர். ஏறத்தாழ 9 கோடி கன மீட்டரை நீர்த்தேக்கம் தன்னிடம் நிறுத்திக்கொண்டது. அணை வெள்ளத்தை உண்டாக்கவில்லை என்பதற்கு ஆணையம் இக்கணக்கைச் சான்றாகக் கொண்டது. கேரள உயர்நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்குரைஞரின் 2019ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு மாறானது. மாநிலத்தின் அணைகள் வெள்ளக் கட்டுப்பாட்டை நோக்கமாகக் கொண்டு இயக்கப்படவில்லை, அதற்குரிய இடம் முன்னரே ஒதுக்கப்படவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன. முன்னது அந்த மூன்று நாள்களில் நடந்ததை ஆராய்கிறது. பின்னது அதற்கு முந்திய வாரங்களில் நடக்காததை. மூன்று நாள்களின் வரத்தான 43.5 கோடி கன மீட்டர், கதவுகளின் ஆளுகைக்கு உட்பட்ட 50 கோடி கன மீட்டருக்கு அண்மையில் இருப்பதைக் கண்டால், பின்னைய கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், பெரியாற்றுப் படுகையில் இடுக்கிக்குக் கீழே சேரும் துணையாறுகளின் வெள்ளத்தை இடுக்கி தடுக்க இயலாது என்பதும், முழு 30 அடியையும் ஜூலையிலேயே காலியாக வைக்க எந்த மின்வாரியமும் முன்வராது என்பதும் உண்மை.

இவ்விடத்தில் தூம்பினால் ஏதும் செய்ய முடியாதா என்ற ஐயம் எழலாம். மூலமற்றத்தின் ஆறு இயந்திரங்களும் முழுத்திறனில் இயங்கினால் நொடிக்கு ஏறத்தாழ 140 கன மீட்டர் நீர் மேற்கே செல்லும். அந்த மூன்று நாள்களின் சராசரி வரத்து நொடிக்கு ஏறத்தாழ 1680 கன மீட்டர். தூம்பு எடுப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே. அதனையும் வாங்கிக்கொள்ளும் மூவாற்றுப்புழை அந்நாள்களில் கரைபுரண்டிருந்தது. வெள்ளம் வந்த பின் தூம்பு பயன்படாது. வெள்ளத்துக்கு முந்திய வாரங்களில் அதனை முழுமையாக இயக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 கோடி கன மீட்டர், அதாவது ஓரடியில் மூன்றில் இரண்டு பங்கு, வரத்தில் கழியும்.

வெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் பெரிய அணைகளுக்கு விதிவளைவு முறை நடைமுறைக்கு வந்தது. பருவமழையின் ஒவ்வொரு காலப்பகுதிக்கும் நீர்மட்டம் எவ்வளவு உயரலாம் என்று அது வரையறுக்கிறது. அந்த மட்டத்தை நெருங்கும்போது நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்னும் மூன்று நிலைகளில் எச்சரிக்கை வெளியாகிறது. 2021இலும் 2022இலும் நீர்மட்டம் 2403 அடியை எட்டுவதற்கு முன்னரே செறுதோணிக் கதவுகள் திறக்கப்பட்டன. 26 ஆண்டுகள் மூடிக்கிடந்த கலிங்கு நான்கு ஆண்டுக் காலத்தில் பல முறை இயங்கிற்று.

இதற்கிடையே மூலமற்றத்தில் ஏறத்தாழ 800 மெகாவாட் திறனுள்ள இரண்டாவது மின்நிலையத்தை மின்வாரியம் திட்டமிட்டு வருகிறது. நீர்ப்பிடிப்பும் கொள்ளளவும் மாறமாட்டா. மாறுவது நீரை எடுக்கும் வேகம். மாலைநேரத் தேவைக்கு இரு மடங்கு மின்சாரம் கிடைக்கும். மழை முன்னறிவிப்பு கிடைத்தால் தூம்பின் வழியாகவே முன்பைவிட இரு மடங்கு விரைவாக நீரைக் குறைக்கவும் இயலும். விதிவளைவைக் காப்பதற்காக நீரை வீணே வெளியேற்ற வேண்டிய நிலை ஓரளவு தணியும். அந்நீரும் மேற்கே தொடுபுழை ஆற்றுக்குத்தான் செல்லும். இப்போது நொடிக்கு 140 கன மீட்டரை வாங்கும் அச்சிற்றாறு, மழைக்காலத்தில் அதன் இரு மடங்கைத் தாங்குமா என்பதை மூலமற்றத்துக்கும் மலங்கரைக்கும் இடைப்பட்ட கரைகளில் அளந்தறிய வேண்டியுள்ளது.